முயலுக்கு எத்தனை கால்

குப்பியில் மிச்சம்
சுண்டுவிரல் நகம் நனையும் அளவு.
மூடியில் என் கையெழுத்து:
தொகுதி ஏழு. முயல். ஆயிரத்துக்கு ஒன்று.
மைனஸ் எண்பதில் பதினோரு வருடம் கிடந்தது.
தார்த்து நகரத்துப் பிப்ரவரிகூட
அதற்குக் கோடைதான்.

வேலை என்னவென்று ஐவோ ஒருமுறை கேட்டான்,
பெய்ப்சி ஏரியில் பிடித்த மீனைச் செதில் சீவிக்கொண்டே.
சொன்னேன்:
உட்கருவுக்குள் ஒரு புரதம்.
டி.என்.ஏ.வின் பள்ளத்தில் விரல் பதித்து உட்காரும்.
அது உட்கார்ந்தால் ஒரு மரபணு வாய் திறக்கும்,
எழுந்தால் மூடிக்கொள்ளும்.
கண்ணால் பார்த்தவர் இல்லை.
ஆயிரம் புரதத்தில் அதை மட்டும் போய்ப் பிடிக்கும்
எதிர்ப்பொருள் ஒன்று எங்களிடம் இருக்கிறது.

ஒரே மீன் மட்டும் கடிக்கிற தூண்டிலா?
அப்படி ஒன்றை யாரும் எனக்கு விற்றதில்லை என்றான்.
சிரித்தேன்.

பதினோரு வருடம் அதே சடங்கு.
செல்களை உடைத்து, கூழில் ஓடவிட்டு,
ஓடியதைச் சவ்வில் ஒற்றி எடுத்து,
பேரங்காடியில் வாங்கிய பால்பொடியைக் கரைத்து ஊற்றுவேன்.
காலி இடங்களின் வாயைப் பால் அடைத்துவிட்டால்
எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாது.
பிறகு அது, இரவு முழுக்க, குளிரறையில், மெல்ல ஆட்டிய தட்டில்.
காலையில் இருட்டறை.
ஐம்பத்திரண்டாம் படியில் ஒரு கறுப்புக் கோடு.
ஒருநாளும் தவறியதில்லை.
அதை வைத்து யூலேக்கு முனைவர் பட்டம்,
நான்கு கட்டுரை, கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை.
எனக்கு இந்த வேலை.

தாவெத் வந்தான், வோரு பக்கத்துப் பையன்,
பேச்சில் இன்னும் அந்த ஊர் இழுவை.
மரபணுவையே வெட்டி எறிந்த செல்களை வளர்த்திருந்தான்.
மூன்றாம் பத்தியில் அவற்றை ஓட்டினோம்.
அங்கே வெறுமை வரவேண்டும்.
வெறுமைக்காகத்தான் காத்திருந்தோம்.

சிவப்பு விளக்கில் படலம் நனைந்து எழுந்தது.
ஒன்றில் கோடு. இரண்டில் கோடு.
மூன்றில்,
அதே படி, அதே கறுப்பு.

நான்தான் எங்கேயோ மாற்றி ஊற்றிவிட்டேன் என்றான்.
திரும்பச் செய் என்றேன்.
நான்காவது முறை நானே ஊற்றினேன்.

யூலே படலத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள்.
வெளியே ஆற்றில் பனிப்பாளம் நகர்ந்துகொண்டிருந்தது.
செல் கலந்திருக்கும் என்றாள்.
பக்கத்துப் பத்தி கசிந்திருக்கும் என்றாள்.
படலம் வெளிச்சம் தின்றிருக்கும் என்றாள்.
மூன்று காரணம்.
மூன்றின் மேலும் அது நின்றது, நொண்டியபடி.
தாவெத் ஒன்றும் பேசவில்லை.
வெட்டிய இடத்தின் எழுத்து வரிசையை
அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

முயல் பொய் சொல்லவில்லை.
முழுப் புரதத்தை நாங்கள் அதற்குக் காட்டவே இல்லை.
வால் நுனியில் ஒடித்த பதினான்கு மணி,
ஊசியில் ஏற்றி.
அதே போன்ற மணிகளை
வேறொரு புரதமும் எங்கோ அணிந்திருக்கிறது.
கண்டதை அது காட்டியது.
கேட்டதைக் காட்டியதாக நாங்கள் எழுதிக்கொண்டோம்.

எல்லோரும் போன பிறகு யூலே வந்தாள்,
ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே.
பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டேன் என்றாள்.
நான்குக்கும்.
குப்பியை வாங்கி விளக்கடியில் சாய்த்தாள்.
கொட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

இத்தனை வருடம் இது யாரைப் பிடித்துக்கொண்டிருந்தது, விர்வே?

தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து,
அந்த முயல் என்ன நிறம்?

பேரேட்டைப் புரட்டினேன்.
எண் இருந்தது: 3108.
எடுத்த தேதி, எத்தனை மில்லி,
இரத்தம் உறைய எத்தனை நிமிடம்.
நிறம் எழுதவில்லை.
சாம்பலாக இருக்கலாம் என்றேன்.
காது மட்டும் நினைவிருக்கிறது.
நரம்பு புடைக்கத் தேய்த்துத் தேய்த்து
என் உள்ளங்கையைவிடச் சூடாகிப்போன காது.